ஓடி முடிந்த ஸ்கிரிப்ட், வந்து சேராத கோப்பு

லினக்ஸ் சர்வர், விண்டோஸ் கணினிகள், ஓரிரண்டு மேக் என்று மூன்றும் கலந்து கிடக்கும் அலுவலகங்கள் இன்று ஏராளம். இவற்றுக்கிடையே கோப்புகளை நகர்த்த ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி, க்ரானில் நேரம் குறித்துவிட்டு நகர்வது சிஸ்டம் அட்மின்களின் நெடுநாள் வழக்கம். அது இத்தனை காலம் நீடித்ததற்கு நியாயம் இருக்கிறது. அதை அப்படியே நம்பிவிட முடியாததற்கும் இருக்கிறது.

முதலில் நியாயம். ஆண்ட்ரூ ட்ரிட்ஜலும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட, இத்தகைய ஸ்கிரிப்டுகள் அழைக்கும் ஆர்சிங்க் கட்டளை, பெரிய கோப்பில் மாறிய பகுதியை மட்டுமே வலைவழி அனுப்புகிறது. மெதுவான இணைப்பிலும் இரவுக்குள் பேக்கப் முடிகிறது. 2018 முதல் விண்டோஸ் 10இலேயே ஓப்பன்எஸ்எஸ்ஹெச் கிளையன்ட் சேர்ந்து வருவதால், மறையாக்கம் செய்த இணைப்புக்குத் தனி மென்பொருள் தேட வேண்டியதில்லை. உரிமக் கட்டணம் கிடையாது. என்ன நடக்கிறது என்பது முழுவதும் ஒரே திரையில் தெரியும். வேலைக்குப் புதிதாக வருபவரும் படித்துப் புரிந்துகொள்ளலாம்.

சிக்கல், பைட்டுகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பிறகுதான் தொடங்குகிறது. கோப்பின் பெயர் என்றால் என்ன என்பதிலேயே இயங்குதளங்களுக்குள் ஒற்றுமை இல்லை. லினக்ஸில் பெயருக்குள் முக்காற்புள்ளி வரலாம், விண்டோஸ் ஏற்காது. தமிழ்ப் பெயர்களில் இது இன்னும் நுட்பமானது. 'கொள்முதல்' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைத்தால், மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ்+ கோப்பு முறைமை 'கொ'வின் ஒகரக் குறியை ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டு குறியீடுகளாகப் பிரித்துச் சேமிக்கும். லினக்ஸில் தட்டச்சு செய்த அதே பெயரிலோ ஒரே குறியீடு இருக்கும். கண்ணுக்கு ஒன்று, ஆர்சிங்குக்கு இரண்டு. பெயர்களை மாற்றித் தரும் 'ஐகான்வ்' தெரிவு ஆர்சிங்கின் 3.0 பதிப்பில்தான் வந்தது. மேக்கில் நெடுங்காலம் 2.6.9தான் இருந்தது. கட்டளையின் பெயர் எங்கும் ஒன்றாக இருப்பதாலேயே அதன் திறனும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம்.

'வெற்றி' என்பதற்கும் பொது அர்த்தம் இல்லை. யூனிக்ஸ் மரபில் கட்டளை பூஜ்யம் திருப்பித் தந்தால் வேலை சரியாக முடிந்தது என்று பொருள். விண்டோஸின் ரோபோகாப்பி 1 தந்தால் கோப்புகள் நல்லபடியாக நகலாகிவிட்டன என்று பொருள். 8 அல்லது அதற்கு மேல் தந்தால்தான் தோல்வி. இரண்டையும் ஒரே ஸ்கிரிப்டில் ஒரே மாதிரி சோதித்தால், நல்ல நகலுக்கு எச்சரிக்கை மின்னஞ்சல் வரும். தினமும் பொய் எச்சரிக்கை வந்தால், உண்மையான எச்சரிக்கையையும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது ஆர்சிங்கின் 'டிலீட்' தெரிவு. மூலத்தில் இல்லாததை இலக்கிலிருந்தும் நீக்கு என்பது அதன் பொருள். விண்டோஸ் பகிர்வு ஒருநாள் மவுன்ட் ஆகவில்லை என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் வெற்று அடைவு இருக்கும். ஆர்சிங்க் அதைப் பிழையாகக் கருதாது. பேக்கப் முழுவதையும் நீக்கிவிட்டுப் பூஜ்யம் தந்து முடிக்கும். ஸ்கிரிப்டின் எளிமை என்று நாம் பாராட்டியது, இங்கே கேள்வி கேட்காத கீழ்ப்படிதலாக மாறுகிறது.

ஆகவே என் கணிப்பு இது: ஒரே திசையில், சில கணினிகளுக்கிடையே, பதிவேட்டைப் பார்க்க ஓர் ஆள் இருக்கும் இடத்தில் ஷெல் ஸ்கிரிப்டுக்கு ஈடான கருவி குறைவு. மவுன்ட் ஆகியிருக்கிறதா என்ற சோதனை, நீக்கத்துக்கு 'மேக்ஸ்-டிலீட்' வரம்பு, மாதம் ஒருமுறை பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பையாவது மீட்டுப் பார்ப்பது, இவை மூன்றும் கட்டாயம். இரு பக்கமும் திருத்தங்கள் நடக்கும் கோப்புகளுக்கு ஸ்கிரிப்ட் ஒத்துவராது. முரண்பட்ட பிரதிகளைத் தனியே காக்கும் சிங்க்திங் போன்ற கருவிகளே பொருத்தம். சரிபார்க்கும் வரிகள் நகலெடுக்கும் வரிகளைவிட அதிகமாக இருக்கும் ஸ்கிரிப்டை நான் நம்புவேன்.