டெலிபோன் ஒயரில் நெட்வொர்க்: வேகம் பிரமாதம், விளக்குதான் போதாது

வீட்டு டெலிபோன் ஒயரைக் கழற்றி எடைக்குப் போடும் காலம் இது. பி.எஸ்.என்.எல். இணைப்புகளே ஃபைபருக்கு மாறிக்கொண்டிருக்கின்றன. மண்ணுக்குள் நல்ல செம்பு கிடக்கும்போது அதைத் தோண்டி எடுக்காமல் ஒருமுறை சோதித்துப் பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன்.

பவானியில் அந்தியூர் பிரிவுப் பக்கம் ஒரு ஜமக்காள வியாபாரி. அவருடைய கடையையும் சுமார் 250 மீட்டர் தள்ளியிருக்கும் குடோனையும், டெலிபோன் ஒயரில் டேட்டா கடத்தும் விடிஎஸ்எல்2 எக்ஸ்டெண்டர் ஜோடி ஒன்றால் இணைத்துச் சில வாரங்களாக ஓட்டி வருகிறோம். ஒயர், இன்டர்காமுக்காக அந்தக் காலத்தில் புதைத்த பத்து ஜோடி ஜெல்லி கேபிள். அதன் மேல் இப்போது கான்கிரீட் தளம், தோண்ட முடியாது. நடுவில் தகரக் கூரை போட்ட விசைத்தறிக் கொட்டகை, வைஃபை அதைத் தாண்டாது. (ஜமக்காளம் கைத்தறிதான். கொட்டகையில் ஓடுவது வேறு துணி.)

அட்டைப்பெட்டியில் 100 எம்பிபிஎஸ் என்று அச்சடித்திருக்கிறது. பல எக்ஸ்டெண்டர்களில் அப்படித்தான் இருக்கும். ஃபைல் காப்பி செய்து பார்த்ததில் குடோன் பக்கம் 60க்கு மேல் நிலையாக வருகிறது. பேச்சுக்கு வேண்டியது 3,400 ஹெர்ட்ஸ் வரைதான். அதற்காகப் போட்ட ஒயர் 17 மெகாஹெர்ட்ஸ் வரை சுமக்கிறது. பேச்சையும் டேட்டாவையும் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் போட்டதால் அதே ஜோடியில் இன்டர்காமும் வேலை செய்கிறது. முதல் நாள் அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே மனசு நிறைந்தது.

அந்த இன்டர்காமில்தான் புகாரும் வந்தது. “ஏனுங்க, மறுபடியும் பில்லு நின்னு போச்சுங்க.”

லைன் ஒரு நொடி அறுந்தால் போதும், இரண்டு பெட்டிகளும் முதலிலிருந்து பேசி ஒத்துப்போகக் கிட்டத்தட்ட ஒரு நிமிஷம் எடுக்கின்றன. அதற்குள் பில் போடும் மென்பொருள் சர்வரை விட்டுவிடும். ஏன் அறுந்தது என்று பெட்டியைக் கேட்டால் பதில் இல்லை. ஒரே ஒரு பச்சை விளக்கு. எரிந்தால் இணைப்பு உண்டு, மினுக்கினால் தேடுகிறது. அவ்வளவுதான்.

இதை என்னால் மன்னிக்க முடியவில்லை. சிப்புக்கு எல்லாம் தெரியும். அலைவரிசையை ஆயிரக்கணக்கான துண்டாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை பிட் ஏற்றலாம் என்று கணக்குப் போட்டுத்தான் அது இயங்குகிறது. இரைச்சலுக்கு மேல் எத்தனை டெசிபெல் மிச்சம், எத்தனை பிழை வந்தது, எத்தனை திருத்தப்பட்டது, எல்லாம் அதனிடம் இருக்கிறது. 2005இல் பி.எஸ்.என்.எல்.லின் டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது வீட்டுக்கு வீடு மாட்டிய சாதாரண ஏடிஎஸ்எல் மோடம்கூட இந்த எண்களை ஒரு பக்கத்தில் காட்டியது. பின்னால் வந்த, அதைவிட வேகமான பெட்டி காட்டாமல் மறைக்கிறது. ஆகவே கையால்தான் தேட வேண்டியிருந்தது.

முதல் காரணம் குடோன் சுவரில் இருந்த டிபி பாக்ஸுக்குள். வெள்ளை-நீலம் ஒரு ஜோடி, வெள்ளை-ஆரஞ்சு ஒரு ஜோடி. எப்போதோ யாரோ ஒன்றின் நீலத்தையும் இன்னொன்றின் வெள்ளையையும் சேர்த்து ஒரு லைன் ஆக்கியிருந்தார்கள். பேச்சுக்கு அது போதும், வருஷக்கணக்கில் மணி அடித்திருக்கும். டேட்டாவுக்குப் போதாது. ஒன்றோடொன்று முறுக்கிய இரண்டு கம்பியும் ஒரே லைனில் இருந்தால்தான் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக விழுந்து கழிந்துபோகும். ஒயரை அழுத்திச் செருகும் குரோன் பட்டையில் சரியான ஜோடியை பஞ்சிங் டூலால் அழுத்தினேன். ‘டிக்’ என்று இறங்கி, மிச்ச ஒயரைத் தானே நறுக்கிவிடும். ஸ்குரூ முடுக்கும் கனெக்டரை இனி யாரும் என்னிடம் கொண்டுவர வேண்டாம்.

இரண்டாவது, வழியில் காவலாளி அறைக்குப் பிரிந்து, முனையில் போனே இல்லாமல் தொங்கிய பழைய எக்ஸ்டென்ஷன். அலை அதன் முனைவரை போய் எதிரொலித்துத் திரும்பும். வெட்டினோம். வேகம் கூடியது, அறுவதும் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை.

மீதி அறுப்புக்கு நேரம் காட்டிக் கொடுத்தது: காலையில் தறி போடும்போது, கரண்ட் போய் வரும்போது. கொட்டகை மோட்டார்கள் ஒன்றாகக் கிளம்பும்போது எழும் மின்வீச்சு, விடிஎஸ்எல் அனுப்பும் துடிப்புகளில் அடுத்தடுத்துப் பலவற்றை அழித்துவிடுகிறது. ஒரு துடிப்பு கால் மில்லிசெகண்ட்தான்.

தீர்வு பெட்டியின் அடியில், நகம் போட்டுத் தள்ளும் நான்கு டிப் ஸ்விட்சுகளில் ஒன்றில் இருந்தது. ‘ஃபாஸ்ட்’, ‘இன்டர்லீவ்’. இன்டர்லீவில் டேட்டாவைக் கலைத்துப் போட்டு அனுப்பி, அந்தப் பக்கம் வரிசைப்படுத்துகிறார்கள். வீச்சு ஒரு கொத்தை அழித்தாலும், வரிசைப்படுத்தியதும் அந்தச் சேதம் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிவிடும். அப்படிச் சிதறியதைப் பிழைதிருத்தக் குறியீடு சரிசெய்துவிடும். விலை, தாமதம்: ஒன்றிரண்டு மில்லிசெகண்டாக இருந்த பிங் பத்தைத் தாண்டியது. பில் போடுபவருக்கு அது தெரியவே தெரியாது. மாற்றியபின் தறிகள் கிளம்பும் நேரத்திலும் லைன் நிற்கிறது. இவ்வளவு முக்கியமான ஸ்விட்சுக்குக் கையேட்டில் ஒரு வரி விளக்கம். பெட்டி வருவதோ ‘ஃபாஸ்ட்’ நிலையில்.

கடைக்குள் வேறு வகை. மேஜைகளுக்குப் போகும் இரண்டு ஜோடி டெலிபோன் ஒயரில் நேரடியாக ஈதர்நெட். இது புதுமையே இல்லை. ஏடி அண்ட் டியின் ஸ்டார்லேன் 1980களிலேயே டெலிபோன் ஒயரில் 1 எம்பிபிஎஸ் ஓட்டியது. 1990இல் வந்த 10பேஸ்-டி, அதே வகை ஒயரில் 100 மீட்டருக்கு 10 எம்பிபிஎஸ் தந்தது. நம் ஊரிலும் சென்னை ஐஐடியில் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெனெட் குழு, ஒரே செம்பு ஜோடியில் பேச்சையும் இணையத்தையும் சேர்த்துத் தரும் டயஸ் கருவியை உருவாக்கியது.

இந்த ஒயரில் 100 எம்பிபிஎஸ் போட்டால் தடுமாறும். ஆகவே கோர் 2 டுவோ கம்ப்யூட்டர்களில் டெபியன் போட்டு, ஈத்டூல் கட்டளையில் ‘10, ஃபுல் டூப்ளெக்ஸ் மட்டும்’ என்று அறிவிக்கச் சொன்னேன். அறிவிக்க வேண்டும், கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டாயப்படுத்தினால் எதிர்முனை சுவிட்ச் ஹாஃப் டூப்ளெக்ஸில் நின்று எல்லாம் ஊர ஆரம்பிக்கும். நெட்வொர்க் அட்டைகள் இன்டெல் புரோ/100. அதற்கான டிரைவர் லினக்ஸில் இன்னும் இருக்கிறது. இந்த அட்டையை நான் எங்கே பார்த்தாலும் வாங்கி வைத்துவிடுவேன்.

புதைத்த குழாய் காலியாக இருந்தால் யோசிக்காமல் ஃபைபர் இழுங்கள். செம்பு மட்டுமே இருந்தால், வாங்கும் முன்பே பெட்டியின் அடியில் இன்டர்லீவ் ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். லைன் எண்களைக் காட்டும் பக்கம் உள்ள மாடல் கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது அதையே எடுங்கள். சித்திரையில் கோடை மழை இடியோடு வருவதற்குள், இரண்டு முனையிலும் குரோன் பட்டையில் செருகும் கேஸ் டியூப் அரெஸ்டரை மாட்டி, எர்த் கம்பியைச் சரியாக இறக்கிவிடுங்கள்.