மாணவி சரி, விடைத்தாள் தப்பு



நமக்குள் பகிர்ந்துகொள்ளும் அகரவரிசைப் பயிற்சித் தாள்களில் ஒரு குறை இருக்கிறது. சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம். நானும் அதே தவற்றைச் செய்தவன்தான்.

கிள்ளான் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி. மயில், மரம், மனம் என்று அடுக்கிய மாணவிக்குத் தப்புப் போட்டேன். என் விடைத்தாளில் மனம், மயில், மரம் என்று இருந்தது. "சார், ‘ன’ கடைசி எழுத்துதானே? அது எப்படி முன்னால வந்துச்சு?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை. அந்த விடையை அடுக்கியது பைதானில் நான் எழுதிய நாலு வரி நிரல்.

நிரலுக்கு நெடுங்கணக்கு தெரியாதுங்க. எழுத்துகளின் யூனிகோட் எண்களை மட்டும் அது ஒப்பிடும். ஆங்கிலத்திலும் இந்தத் தொல்லை உண்டு. பெரிய எழுத்துகளுக்கு 65 முதல் 90 வரை, சிறிய எழுத்துகளுக்கு 97 முதல் 122 வரை எண்கள். அதனால் பெரிய ‘இசட்’ சிறிய ‘ஏ’-யை முந்திவிடும். எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கி ஒப்பிட்டால் அங்கே வேலை முடிந்தது.

தமிழுக்கு அந்த வழி உதவாது. யூனிகோட் அட்டவணை, இந்திய மொழிகளுக்குப் பொதுவாக அமைந்த ‘இஸ்கி’ தரத்தின் அடுக்கைப் பின்பற்றியது. ஆகவே ‘ந’-வுக்குப் பக்கத்தில் ‘ன’, ‘ர’-வுக்குப் பக்கத்தில் ‘ற’ உட்கார்ந்துகொண்டன. ‘ழ’ வந்து ‘வ’-வுக்கு முன்னால் நிற்கிறது. புள்ளியின் எண்ணோ, ‘ம’ முதலிய எல்லா மெய்களின் எண்ணையும்விடப் பெரியது. விளைவு: அகராதியில் பட்டத்துக்குப் பின் வரும் படம், நிரலில் முன்னால் வருகிறது.

இதற்காக யூனிகோடைத் திட்டுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. எண் என்பது எழுத்தைச் சேமிப்பதற்கு. வரிசைப்படுத்த யூனிகோட் தனி விதிகளே வைத்திருக்கிறது. நெடுங்கணக்கு வரிசையிலேயே எண் தரும் ‘டேஸ் 16’ குறியீட்டைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. ஆனாலும் நம் கைப்பேசியிலும் கணினியிலும் புழங்குவது யூனிகோட்தான். இருக்கும் விதியைப் பயன்படுத்தாமல் விட்டது நம் தவறு. அதைவிடப் பெரிய தவறு, கணினி அடுக்கியதைப் படித்துப் பார்க்காமல் விடைத்தாள் ஆக்கியது.

ஜாவாஸ்கிரிப்டில் ‘லோக்கேல் கம்பேர்’ என்ற கட்டளைக்குத் தமிழ் என்று மொழியைக் குறிப்பிட்டு ஒப்பிடலாம். எந்தக் கருவியானாலும் முதலில் நாலு சொல் போட்டுச் சோதியுங்கள். பட்டம், படம், பவளம், பழம் என்று வந்தால் சரி. படம், பட்டம், பழம், பவளம் என்று வந்தால் அது வெறும் எண் வரிசை. சந்தேகம் வந்தால், பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கி அலமாரியில் வைத்திருக்கும் அச்சு அகராதியைப் புரட்டுங்கள்.

அந்த மாணவிக்கு மறுநாளே மதிப்பெண்ணைத் திருத்திக் கொடுத்தேன். ஆனால் தாளை ஏற்கெனவே பல பள்ளிகளுக்கு அனுப்பியிருந்தேன். உங்களிடம் அது இருந்தால், விடைப் பக்கத்தைத் தயவுசெய்து அழித்துவிடுங்கள்.