விதை மட்டும் போதுமா?

நகரில் சிறந்த பல்கலைக்கழகம் ஒன்று இருந்துவிட்டால், அதைச் சுற்றி அறிவியல் தொழில்கள் தாமே முளைத்துவிடும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். இவ்வெண்ணத்தை உரைத்துப் பார்க்கும் நூல், அன்னாலீ சாக்சேனியன் என்ற அமெரிக்கப் பேராசிரியை எழுதி 1994-இல் வெளிவந்த 'ரீஜனல் அட்வான்டேஜ்' ஆகும்.

நூல் இரு வட்டாரங்களை ஒப்பிடுகிறது. ஒன்று, பாஸ்டன் நகரைச் சுற்றிச் செல்லும் 128-ஆம் எண் நெடுஞ்சாலைப் பகுதி, அருகில் எம்.ஐ.டி. மற்றது கலிபோர்னியாவின் சிலிக்கான் பள்ளத்தாக்கு, அங்கே ஸ்டான்ஃபோர்டு. இரண்டிலும் பல்கலைக்கழகம் தொழிலை ஈன்றது. பேராசிரியர் டெர்மனின் மாணவர்களான ஹியூலட், பாக்கார்டு இருவரும் 1939-இல் ஒரு கார்க் கொட்டகையில் மின்னணுக் கருவிகள் செய்யத் தொடங்கினர். எம்.ஐ.டி.யின் லிங்கன் ஆய்வகத்திலிருந்து வெளிவந்த ஓல்சனும் ஆண்டர்சனும் 1957-இல் ஒரு பழைய கம்பளி ஆலையில் 'டிஜிட்டல் எக்விப்மென்ட்' நிறுவனத்தைத் தொடங்கினர்.

அப்படியானால் 1980-களின் இறுதியில் பாஸ்டன் பின்தங்கியது ஏன்? பழக்கவழக்கமே காரணம் என்கிறார் ஆசிரியை. கலிபோர்னியாவில் பொறியாளர்கள் நிறுவனம் விட்டு நிறுவனம் மாறினர். அறிவும் அவர்களோடு பரவியது. ஷாக்லியிடமிருந்து எட்டுப் பேர் விலகி 1957-இல் ஃபேர்சைல்டு செமிகண்டக்டரைத் தொடங்கினர்; அதிலிருந்து விலகியவர்கள் 1968-இல் இன்டெல்லைத் தொடங்கினர். பாஸ்டன் நிறுவனங்களோ அறிவைத் தம் மதில்களுக்குள்ளேயே பூட்டி வைத்தன. இவ்விளக்கமே நூலின் வலிமை.

ஆயினும் இரண்டு குறைகளைச் சொல்லியாக வேண்டும்.

முதலாவது, சட்டம். விலகும் ஊழியர் போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்னும் ஒப்பந்தம் கலிபோர்னியாவில் 1872 முதலே செல்லாது. மாசசூசெட்ஸ் நீதிமன்றங்கள் அத்தகைய ஒப்பந்தங்களை ஏற்றன. இவ்வேறுபாட்டின் விளைவை 1999-இல் சட்டப் பேராசிரியர் கில்சன் எடுத்துக்காட்டினார். பண்பாடு என்று நூல் கூறுவதில் ஒரு பங்கு சட்டத்தின் விளைவே.

இரண்டாவது, பாஸ்டனைப் பற்றிய தீர்ப்பு அவசரமானது. எம்.ஐ.டி. அருகிலுள்ள கெண்டால் சதுக்கம் பின்னர் உயிர்த்தொழில்நுட்பத்தின் பெரும் மையமாயிற்று. 2010-இல் தோன்றிய மாடர்னாவும் அவ்வட்டாரத்ததே. உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்கள் முதன்மையான ஆய்வாளர்கள் பணிபுரிந்த இடங்களிலேயே பெரிதும் தோன்றின என்று சக்கர், டார்பி, ப்ரூவர் ஆகியோர் 1998-இல் காட்டினர். இதில் வியப்பில்லை. நிறமாலைமானியைச் சரிசெய்யும் முறை புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் அருகில் நின்று ஒருவர் செய்வதைப் பார்த்த பிறகே மாணவருக்குக் கை படிகிறது. புதிய அறிவு நெடுந்தொலைவு செல்வதற்கு முன், அடுத்த தெருவுக்குத்தான் செல்கிறது.

ஆய்வகத்தில் நாம் மயில்துத்தப் படிகம் வளர்க்கிறோம். அதிதெவிட்டிய கரைசலில் விதைப்படிகம் வளர்கிறது. நீர்த்த கரைசலில் அதே விதை கரைந்துபோகிறது. பல்கலைக்கழகம் விதை. திறமையாளர்கள், முதலீடு, வேலை மாறும் உரிமை ஆகியவை கரைசல். கட்டடம் எழுப்பிப் பெயர்ப்பலகை மாட்டினால் தொழில் வளர்ந்துவிடும் என்று நம்புவோர், இந்நூலை இவ்விரு திருத்தங்களோடு கட்டாயம் படிக்க வேண்டும்.