விபத்தும் தண்டனையும்

பதின்பருவத்தினருக்கென எழுதப்படும் நாவல்களைத் திறனாய்வாளர் பலர் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு சமுதாயம் தன் பிள்ளைகளிடம் எதைச் சொல்லத் தயங்கிற்று, எப்பொழுது துணிந்தது என்பதை அந்நூல்களே காட்டிக் கொடுக்கின்றன. இரு சிறுவர்களிடையே அரும்பும் அன்பைப் பேசும் அமெரிக்க நாவல்கள் இரண்டை அருகருகே வைத்து நோக்கினால் இவ்வுண்மை விளங்கும்.

முதலாவது, ஜான் டோனோவன் எழுதி 1969இல் வெளிவந்தது. பதின்பருவ நூல்களில் இப்பொருளை முதன்முதலில் தொட்டதெனக் கருதப்படுவது. பாட்டியை இழந்த பதின்மூன்று வயது டேவி, மதுவுக்கு அடிமையான தாயிடம் நியூயார்க்கிற்கு வந்து சேர்கிறான். ஃபிரெட் என்னும் நாயே அவனுக்கு உற்ற துணை. வகுப்புத் தோழன் ஆல்ட்ஷூலருடன் கொண்ட நட்பு ஒரு நாள் முத்தமாகக் கனிகிறது. பின்னர் அந்நாய் காரில் அடிபட்டு மடிகிறது. தன் செயலுக்குக் கிடைத்த தண்டனையே இது எனச் சிறுவன் நம்பிவிடுகிறான். இறுதியில் தோழர்கள் இருவரும் ஒருவரையொருவர் மதிக்கக் கற்றுக்கொள்கின்றனர் என்பது உண்மையே. எனினும் நட்பைக் காத்த ஆசிரியர், காதலுக்குப் பெயரிடாமலே கதையை முடித்துவிட்டார்.

மற்றொன்று, பெஞ்சமின் அலிரே சாயென்ஸ் எழுதி 2012இல் வெளிவந்த, அரிஸ்டாட்டில், டான்டே என்னும் இருவரின் கதை. 1987ஆம் ஆண்டு, டெக்சாஸின் எல் பாசோ நகரம். மெக்சிக வழிவந்த இச்சிறுவர்கள் நீச்சல் குளத்தில் சந்திக்கின்றனர். அரிஸ்டாட்டிலின் தந்தை வியட்நாம் போரிலிருந்து மௌனத்தைச் சுமந்து வந்தவர். சிறையிலிருக்கும் அண்ணனைப் பற்றி அவ்வீட்டில் எவரும் வாய் திறப்பதில்லை. இங்கும் ஒரு கார் வருகிறது. அடிபட்ட பறவையைக் காக்கத் தெருவில் நிற்கும் டான்டேயைத் தள்ளிவிட்டு, அரிஸ்டாட்டில் தன் கால்களை முறித்துக்கொள்கிறான்.

இரு நூல்களிலும் விபத்து ஒன்றே, பொருளோ வேறு. முன்னதில் அது குற்றவுணர்வை விதைக்கிறது. பின்னதில், வாய் மறுத்ததை உடல் ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகிறது. நாற்பத்து மூன்று ஆண்டுகளில் இலக்கியம் கடந்த தொலைவு இதுவே எனலாம்.

சாயென்ஸின் நாவலிலும் குறையுண்டு. மகனின் உள்ளத்தை இறுதியில் பெற்றோரே எடுத்துரைக்கின்றனர். அதுவரை பக்கந்தோறும் தன்னைத் தேடியலைந்த சிறுவன், கண்டடையும் கணத்தைத் தானே பெற்றிருக்கலாகாதா? எனினும் அந்த அவசரத்தின் காரணம் நமக்குப் புரிகிறது. தன்னைக் கண்டே அஞ்சும் ஓர் இளம் வாசகனுக்கு, வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது என்று சொல்லிவிட ஆசிரியர் துடிக்கிறார். கலைக்கு அது சிறிய இழப்பு. அவ்வாசகனுக்கோ பெரும் பேறு.

நற்காலமும் தீங்கும் யாருக்கும் நேரும். அவற்றைத் தீர்ப்பாக வாசிக்கப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பவர்கள் நாமே. அப்பாடத்தை மறக்கச் செய்யும் நூல், சிறுவர்க்கு மட்டும் உரியதன்று.