வாடிக்கையாளர் இல்லாத வேலை

கிராஃபிக் டிசைன் தொழிலில் கேள்வி பெரும்பாலும் வெளியிலிருந்துதான் வரும். இந்தச் சோப்புக்கு உறை வேண்டும், அந்த வங்கிக்குச் சின்னம் வேண்டும் என்று பணம் கொடுப்பவர் கேட்பார். முதுநிலை மாணவரிடம் அப்படிக் கேட்க ஆளில்லை. எதைச் செய்வது என்பதையே அவர் தேடிக்கொள்ள வேண்டும். இத்துறையில் நிலைத்துவிட்ட மாணவர் வேலைகள் சிலவற்றைப் பார்த்தால், அவை பிறந்தது அந்தத் தேடலில்தான் என்று தெரிகிறது.

நியூயார்க்கில் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் மாணவி டெபோரா அட்லரின் பாட்டி, தாத்தாவின் மாத்திரையைத் தவறுதலாக விழுங்கிவிட்டார். அமெரிக்க மருந்துக் கடைகளில் மாத்திரைகளை எண்ணிப் போட்டுத் தரும் அந்தப் பழுப்புக் குப்பியை அட்லர் ஆராயத் தொடங்கினார். குப்பி உருண்டை, லேபிளைப் படிக்க அதைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். கண்ணில் முதலில் படுவது கடையின் பெயர். மருந்தின் பெயரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். 2002-இல் அவர் முடித்த திட்டத்தில் லேபிள் ஒழுங்குக்கு வந்தது: மருந்தின் பெயர், அளவு, உட்கொள்ளும் முறை மேலே, மற்றவை ஒரு கோட்டுக்குக் கீழே. டார்கெட் நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. கிளாஸ் ராஸ்பர்க் என்ற தொழில் வடிவமைப்பாளரும் சேர்ந்துகொள்ள, 2005-இல் மூடி கீழேயும் தட்டையான முகம் முன்னேயுமாகச் சிவப்புக் குப்பி கடைக்கு வந்தது. கழுத்தில் வண்ண வளையம், வீட்டில் ஆளுக்கொரு நிறம். பத்தாண்டு கழித்து டார்கெட்டின் மருந்துப் பிரிவை சிவிஎஸ் என்ற மருந்துக் கடை நிறுவனம் வாங்கியதும் பழைய குப்பியே திரும்பிவிட்டது. பழகியவர்கள் புலம்பினார்கள். நல்ல வடிவம் என்பதற்காக மட்டும் எந்தக் கடையும் ஒரு பொருளை வைத்துக்கொள்வதில்லை.

அட்லர் படித்த துறையை லிட்டா தலாரிக்கோவுடன் சேர்ந்து நிறுவியவர் ஸ்டீவன் ஹெல்லர். 1993-இல் 'ஐ' என்ற வடிவமைப்பு இதழில் மாணவர் வேலையைக் கிழித்துத் தொங்கவிட்டவரும் அவரே! கிரான்புரூக் கலைப்பள்ளியின் முதுநிலை மாணவர்கள் கொண்டுவந்த 'அவுட்புட்' என்ற சிறுவெளியீடு அவர் கையில் சிக்கியது. எழுத்தின் மேல் எழுத்தேறிய அந்தப் பக்கங்களில் அவர் கண்டது அவலட்சண வழிபாடு. அதில் பாதி நியாயம் என்றே எனக்குப் படுகிறது. அன்றைய அப்படிப்பட்ட பக்கங்களை இன்று உட்கார்ந்து படிக்கப் பொறுமை வேண்டும். ஆனால் அதே காலத்துக் குறும்பிலிருந்துதான் பாரி டெக்கின் 'டெம்ப்ளேட் காதிக்' எழுத்துருவும் வந்தது. கலிபோர்னியாவில் படித்துக்கொண்டிருந்தபோது, துணி துவைக்கப் போன இடத்தில் ஒரு பலகையைப் பார்த்தார். எழுத்துத் தகட்டை வைத்துக் கையால் வரைந்த, ஒழுங்கற்ற எழுத்துகள். அந்த ஒழுங்கின்மையை அவர் சீர்செய்யவில்லை. 2011-இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் சேகரிப்பில் சேர்த்த 23 எழுத்துருக்களில் அதுவும் ஒன்று.

நம் பக்கம் வந்தால், உதயகுமாரை ரூபாய்ச் சின்னத்தால்தான் எல்லோருக்கும் தெரியும். 2010 ஜூலை 15 அன்று அது ஏற்கப்பட்டபோது அவர் மும்பை ஐஐடியின் வடிவமைப்பு மையத்தில் முனைவர் பட்ட மாணவர். தேவநாகரி 'ர'வையும் ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றாக்கிய சின்னம் அது. கெட்டிக்கார வேலை, சந்தேகமில்லை. என்றாலும் அது அரசு வைத்த போட்டிக்குச் செய்தது. அவராகவே தேர்ந்துகொண்டது தமிழ் எழுத்தியல். 'பராசக்தி' என்ற தமிழ் எழுத்துருவை மாணவராக இருந்தபோதே அவர் வரைந்திருந்தார். அதைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் எழுத்துரு வடிவமைப்புக்கென்றே முதுகலைப் படிப்பு இருக்கிறது. பிரேசில்காரரான பெர்னாண்டோ மெல்லோ அங்கே செய்த 'ஃப்ரீடா'வில் ரோமனும் தமிழும் அக்கம்பக்கமாக நிற்கின்றன. இது லேசான காரியமல்ல. 'ண'வின் சுழிகள் சின்ன இடத்தில் நெருக்கியடித்துக்கொண்டு கிடக்கும். கோட்டைத் தடிமனாக்கினால் உள்வெளி அடைபட்டு மையாகிவிடும். அகலத்தைக் கூட்டினால் பக்கத்தில் 'ர' ஒட்டடைக்குச்சிபோல் ஒல்லியாகத் தெரியும். நாளிதழ்த் தலைப்புகளில் இந்த இடறல் தினமும் அச்சாகிறது. அதைத் தீர்க்கக் காசு கொடுப்பவர் குறைவு என்பதால், தமிழ் எழுத்துருவில் மாணவர் திட்டங்களைத்தான் நான் முதலில் தேடிப் பார்க்கிறேன்.