இதழுக்கு நோகாமல்

தானமாக வந்த இதயத்திலிருந்து பெருநாடி வால்வைப் பிரித்து வெளிச்சத்தில் பிடித்தால், அதன் இதழின் வழியே ஒளி மங்கலாக ஊடுருவும். நுங்கின் உள்தோல்போல அத்தனை மெல்லிசு. ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. அதற்குள்ளும் மூன்று அடுக்கு. பெருநாடியைப் பார்த்த பக்கம் கொலாஜன் நார்கள். வால்வு மூடியிருக்கும்போது மேலிருந்து அழுத்தும் ரத்தத்தின் பாரத்தை அவை சுமக்கும். இதய அறையைப் பார்த்த பக்கம் எலாஸ்டின். நீண்ட இதழை மறுபடி சுருக்கித் தரும். நடுவில் நீர் தங்கிய மெத்தென்ற படலம், இரு பக்கமும் உரசாமல் நழுவுவதற்காக. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1,00,000 முறை இது திறந்து மூடுகிறது.

இதைக் கிருமி நீக்கி, கெடாமல் காத்து, இன்னொருவர் நெஞ்சில் தைக்கவேண்டும். 1962-ல் லண்டன் கய்ஸ் மருத்துவமனையில் டொனால்ட் ராஸும், அதையடுத்து ஆக்லாந்தின் கிரீன் லேன் மருத்துவமனையில் பிரையன் பாரட்-பாய்ஸும் தனித்தனியே மனித வால்வை அதற்குரிய இடத்திலேயே பொருத்திக் காட்டினார்கள். பொருத்தும் கை தேர்ந்துவிட்டது. பாதுகாக்கும் கைதான் அப்போது முரடாக இருந்தது. எத்திலீன் ஆக்சைடு வாயு, பீட்டா-புரோப்பியோலாக்டோன், கதிர்வீச்சு, உறையவைத்து உலர்த்துவது என்று பலதையும் செய்து பார்த்தார்கள். கிருமி ஒழிந்தது, கூடவே இதழின் உயிரும் போனது. பொருத்திய சில ஆண்டுகளில் பல வால்வுகள் விறைத்துக் கிழிந்தன. நடு அடுக்கு நீரால் வாழ்வது என்று தெரிந்தபின், உலர்த்திய இதழை நினைத்தாலே எனக்கு மனம் கூசுகிறது.

1960-களின் பிற்பாதியில் பாரட்-பாய்ஸ் குழு ஆன்டிபயாட்டிக் கரைசலுக்கு மாறியது. கிருமியைக் கொல்லும், நாரைத் தொடாது. எனக்கு இந்தக் கலையின் நயமே இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1975-ல் பிரிஸ்பேனில் மார்க் ஓபிரையன் அடுத்த படி ஏறினார்: செல்கள் உயிரோடிருக்கும்படியே வால்வை உறையவைத்தார்.

அந்த உறையவைப்பை நின்று பார்க்கவேண்டும். வால்வை ஊட்டக் கரைசலில் இட்டு, 10 சதவீத அளவுக்கு டைமெத்தில் சல்பாக்சைடு சேர்க்கிறார்கள். பிறகு நிமிடத்துக்கு ஒரு டிகிரி செல்சியஸ் வீதம் குளிர்விக்கிறார்கள். அவசரப்பட்டால் செல்லுக்குள்ளேயே பனி ஊசிகள் முளைத்துக் குத்திவிடும். மெல்லப் போனால் பனி முதலில் வெளியே கட்டும். செல்லுக்குள்ளிருக்கும் நீர் வெளியேற அவகாசம் கிடைக்கும். நீர் பனியாகும் தருணத்தில் அது தன் வெப்பத்தை விடுவதால் திசுவின் சூடு சற்றே ஏறப் பார்க்கும். உறையவைக்கும் கருவி அந்தத் தருணத்துக்கென்றே நைட்ரஜன் குளிரை ஒரு வீச்சு கூட்டிச் செலுத்துகிறது. கண்ணால் காணமுடியாத அந்தச் சிறு ஏற்றத்தையும் கணக்கில் வைத்த மனிதர்களை நான் வணங்குகிறேன். அப்புறம் திரவ நைட்ரஜனின் ஆவியில் ஆண்டுக்கணக்கான சேமிப்பு.

எடுக்கும்போதும் அதே பதம். கடுங்குளிரிலிருந்து நேரே வெந்நீரில் போட்டால் பெருநாடிச் சுவரில் விரிசல் விழும். அதனால் முதலில் வெளிக்காற்றில் சற்று நேரம், பிறகு வெதுவெதுப்பான நீரில் விரைவாக. சல்பாக்சைடையும் ஒரேயடியாகக் கழுவினால் செல்கள் நீரை உறிஞ்சி வீங்கும். ஆகவே கரைசலைப் படிப்படியாக நீர்க்கச் செய்து அலசுகிறார்கள்.

தசை தளர்ந்துபோய் மாற்று இதயம் பெறுபவரின் பழைய இதயத்தில்கூட வால்வுகள் நன்றாக இருக்கலாம். இதயத்தை வாங்கிக்கொள்பவரே வால்வைத் தருபவராகவும் ஆகிறார். இத்தகைய மனித வால்வு பெற்றவருக்கு, உலோக வால்வுக்காரர்போல ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டியதில்லை. கிருமித்தொற்றால் பெருநாடியின் அடிப்பகுதியே அரித்துப்போனவர்களுக்கும் அறுவை மருத்துவர்கள் இதை நாடுவதுண்டு. குழந்தைகளுக்குப் பொருத்தினால் உடலோடு சேர்ந்து இது வளர்வதில்லை. வளர்ந்தபின் வேறு வால்வு வைக்கவேண்டியிருக்கும். அதுவரை அந்தப் பிள்ளை ஓடியாடலாம்.