எரிந்த காமனும் எழும் காமனும்: ஊவாத் தோட்டங்களின் கூத்தும் நம்பிக்கையும்

மலையக மக்களின் சமய வாழ்வைப் பற்றி எழுதியோர் பெரும்பாலும் இரு சாராராகப் பிரிந்து நிற்பதை அவதானிக்கலாம். ஒரு சாரார், தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து கொண்டுவந்த தெய்வங்களைக் கைவிடாது போற்றிய பக்தியை வியந்து, அத்துடன் அமைந்துவிடுவர். மறு சாரார் அப்பக்தியை விதிக் கோட்பாட்டின் வெளிப்பாடெனக் கொண்டு, தொழிலாளரின் போராட்ட உணர்வை மழுங்கச் செய்த கருவியென ஒதுக்கிவிடுவர். இவர்கள் கார்ல் மார்க்ஸைத் துணைக்கழைப்பது வழக்கம். 1844 இல் வெளியான கட்டுரையொன்றில் சமயத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸ், அதே பந்தியில் அதனை ஒடுக்கப்பட்டோரின் துயர வெளிப்பாடாகவும் அத்துயருக்கு எதிரான முறைப்பாடாகவும் கண்டார் என்பது ஏனோ இவர்களால் நினைவுகூரப்படுவதில்லை. எவ்வாறாயினும் இரு சாராருக்கும் பொதுவான எடுகோள் ஒன்றுண்டு. நம்பிக்கை மனிதனுக்கு நிச்சயத்தைத் தருகிறது என்பதே அது. முன்னவர் அந்த நிச்சயத்தைப் புகழ்கின்றனர். பின்னவர் அதனைப் பொய்யென்கின்றனர். அவ்வெடுகோள் சரிதானா என்று சோதிப்பதற்கு, அப்புத்தளை முதலாய ஊவாப் பகுதித் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்பட்டுவரும் காமன் கூத்து தக்கதோர் உரைகல்லாகும்.

கூத்தினை ஆராயுமுன், அதனை ஆடுவோரின் வாழ்வில் நிச்சயமின்மை எவ்வடிவங்களில் நின்றது என்பதை நோக்குதல் வேண்டும். அப்புத்தளை மலைத்தொடரின் கழுத்துப் பகுதியில் அமைந்த ஊர். தெற்கே நிலம் செங்குத்தாகச் சரிந்து ஹல்துமுல்லை, கொஸ்லந்தைப் பக்கமாக இறங்குகின்றது. காலையில் தெளிந்து தோன்றும் மலை நண்பகலில் மூடுபனிக்குள் மறைந்துவிடும். கொழுந்தின் நிறை மழையையும் வெயிலையும் பொறுத்தது. பேர் விழுவதும் விழாததும் கங்காணியினதும் கணக்கப்பிள்ளையினதும் கையில் இருந்தது. தேயிலையின் விலையோ கொழும்பு ஏலத்திலும், 1998 வரை நடைபெற்ற இலண்டன் ஏலத்திலும் தீர்மானிக்கப்பட்டது. இவற்றுக்கெல்லாம் மேலாக, 1948 ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரெனக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதியைப் பின்னொரு நாளுக்கு ஒத்திவைத்தது. 1974 இல் அவர்களும் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 2003 இல் மற்றுமொரு சட்டம் வேண்டியிருந்தது. நாளைக்கு வேலை உண்டா என்பதும், அடுத்த ஆண்டு எந்த நாட்டில் என்பதும் இவ்வாறு ஒரே லயத்தின் கேள்விகளாயின.

இத்தகைய வாழ்வில் தெய்வம் எங்கே இடம்பெறுகிறது என்பது சிந்திக்கற்பாலது. மாரியம்மன் கோயிலை விட்டுச் சற்று விலகித் தோட்டத்துச் சிறுதெய்வங்களைக் கவனித்தால் ஓர் உண்மை புலப்படும். தேயிலைச் செடியை வெட்டத் தொடங்குமுன் வழிபடப்படுபவர் கவ்வாத்துச்சாமி. கொழுந்து பறிக்கும் மலைக்கு உரியவர் கொழுந்துச்சாமி. தொழிற்சாலையிற் சக்கரம் சுழலும் இடத்தில் இருப்பவர் ரோதைமுனி. கத்தி கையைப் பதம்பார்க்கும் இடத்திலும் இயந்திரம் ஆளை உள்ளிழுத்துவிடக்கூடிய இடத்திலும் தெய்வம் குடியேறியிருக்கிறது. ரோதைமுனிக்குப் படைப்பவர், தமக்கு ஒன்றும் நேராதென்ற மமதையுடன் இயந்திரத்தை நெருங்குவதில்லை. நேரக்கூடும் என்று அறிந்தே படைக்கின்றார். ஆபத்து இங்கே மறுக்கப்படவில்லை. பெயரிடப்பட்டு, மரியாதை செய்யப்பட்டு, நினைவில் நிறுத்தப்படுகிறது.

காமன் கூத்திலும் இதே மனப்பாங்கு விரிந்த அளவிற் செயற்படுகின்றது. மாசி அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறையளவில், காமன் பொட்டல் எனப்படும் வெளியிற் கம்பம் ஊன்றப்படும். வேடம் தாங்குவோர் காப்புக் கட்டி விரதம் இருப்பர். பிள்ளைப்பேறு வேண்டியும் நோய் நீங்க வேண்டியும் நேர்த்தி வைத்து ஆடுவோரும் உண்டு. முன்பு விடியற்காலையிற் பெரட்டுக்கு ஆளழைத்த தப்பே இரவில் இக்கூத்துக்கும் முழங்கும் என்பது சிறிய செய்தியன்று. முழுநிலவை ஒட்டிய இரவிற் காமனுக்கும் ரதிக்கும் திருமணம் நடைபெறும். அத்திருமணத்தின் களிப்பு அடங்குமுன்னரே ஓலையுடன் தூதன் வந்துவிடுகிறான். சிவனின் தவத்தைக் கலைக்கவேண்டுமென்பது தேவர்களின் ஆணை. ரதி போகவேண்டாமெனத் தடுக்கிறாள். காமன் போகிறான், மலர்க்கணை தொடுக்கிறான், நெற்றிக்கண் திறக்க எரிந்து சாம்பலாகிறான். கம்பத்திலே தீ மூட்டப்படுகிறது. ரதியின் ஒப்பாரி எழுகிறது. மூன்றாம் நாள் காமன் எழுப்பப்படுகிறான்.

இக்கதையை உருவகமாக வாசிப்பது எளிது. காமனைத் தொழிலாளியாகவும், ஓலையை மேலிருந்து வரும் கட்டளையாகவும், நெற்றிக்கண்ணை அதிகாரத்தின் சினமாகவும் கொள்ளலாம். மாணவர் கருத்தரங்குகளில் இத்தகைய வாசிப்பு உடனே கைதட்டலைப் பெறும். ஆயினும் கூத்து அதற்கு இடந்தரவில்லை. எரித்த சிவனையே கூடியிருப்போர் வணங்குகின்றனர். எழுப்புவதும் அவனருளே என்று நம்புகின்றனர். கொடுமைக்கும் கருணைக்கும் மூலம் ஒன்றே என்ற இந்த இக்கட்டை அவர்கள் தீர்த்து வைக்க முயலவில்லை. அழிவுக்கான காரணத்தைத் தெளிவாக்கும் எந்தச் சித்தாந்தமும் கூத்தில் விரித்துரைக்கப்படுவதில்லை. காமன் பிழை செய்தவனுமல்லன். பிறருடைய தேவைக்காக அனுப்பப்பட்டு, அனுப்பிய வேலையைச் செய்து முடித்ததனால் அழிந்தவன். அவன் அழிவினாற் பயன்பெற்ற தேவர்கள் அழுவதாகக் கூத்திற் காட்சியில்லை. அழுபவள் ரதி ஒருத்தியே.

ஆதலின் கூத்தின் உயிர்நிலை எரிப்பில் இல்லை. எரிப்புக்கும் எழுச்சிக்கும் இடைப்பட்ட காலத்திலேயே உள்ளது எனல் பொருந்தும். காமன் எழுவான் என்பது கூடியிருக்கும் அனைவருக்கும் தெரியும். சென்ற ஆண்டும் எழுந்தான். எனினும் ரதியின் அழுகையிற் போலி இல்லை. அந்த ஒப்பாரியைக் கேட்டு அழும் பெண்கள் தத்தம் இழப்புகளுக்காகவும் அழுகின்றனர். முடிவு தெரிந்திருந்தும் இழப்பை இழப்பாகவே ஏற்கும் இப்பண்பு, நம்பிக்கை நிச்சயத்தைத் தருவது என்ற எடுகோளுக்கு முரணானது. எழுச்சியைப் பற்றிய அறிவு துக்கத்தை அழித்துவிடவில்லை. துக்கத்தை முழுமையாகப் பாடுவதற்கான துணிவையே தந்துள்ளது. புராண மரபிலும் ஒரு நுட்பம் உண்டு. கச்சியப்பரின் கந்தபுராணத்தின்படி மீண்ட மன்மதன் ரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவுடையவன்; மற்றையோருக்கு அநங்கன், உடலற்றவன். உலகுக்குச் சான்று காட்டக்கூடிய மீட்சி அவளுக்கு வழங்கப்படவில்லை.

தஞ்சைப் பகுதியின் லாவணி மரபை இங்கு ஒப்புநோக்கலாம். காமன் எரிந்தான் என்று ஒரு கட்சியும், எரியவில்லை என்று மறு கட்சியும் விடிய விடியப் பாடி வாதிடும். எரிந்த கட்சி, எரியாத கட்சி என்பன அவற்றின் பெயர்கள். அடுத்த ஆண்டும் அதே வாதம் தொடங்கும். ஒரு சமூகம் தன் நம்பிக்கையின் மையத்திலுள்ள நிகழ்ச்சியையே ஐயத்துக்குரிய பொருளாக்கி, அவ்வையத்தைத் திருவிழாவாகக் கொண்டாடியுள்ளது. இத்தகைய மரபினரை விதியின்முன் வாய்மூடி நின்றவர்கள் என்பது எவ்வளவு பொருந்தும்?

எனினும் நம்பிக்கையைப் போற்றுவோர் எளிதில் இடறிவிழும் இடமொன்று அப்புத்தளைக்கு அண்மையிலேயே இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பலரின் உடல்கள் மீட்கப்படாமலே போயின. அந்நிலம் ஆபத்தானதெனத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கப்பட்டும் அவர்கள் வெளியேறவில்லை என்பதை வைத்து, ‘சாமி காக்கும் என்றிருந்துவிட்டார்கள்’ என்று முடிவுகட்டுவது சுலபம். ஆனால் வெளியேறிச் செல்வதற்கு அவர்களுக்குச் சொந்த நிலம் எங்கே இருந்தது? லயக்காம்பரா தோட்டத்துக்குரியது, அதனை விட்டாற் குடியிருப்பும் வேலையும் ஒருங்கே போகும். அவர்களை அச்சரிவிற் பிடித்துவைத்தது நம்பிக்கையன்று, நிலமின்மை. தப்பியோருட் பல குடும்பங்கள் பழைய தேயிலைத் தொழிற்சாலையொன்றில் நெடுநாள் தங்கியிருந்து, 2016 இலேயே பூனாகலைப் பகுதியிற் புதிய வீடுகளைப் பெற்றன. இந்த இரண்டாண்டுக் காத்திருப்பை ஆன்மிகப் பொறுமையென அலங்கரிப்பது அநியாயம். மழையின் நிச்சயமின்மை வேறு. காணி உறுதி கிடைக்குமா என்ற நிச்சயமின்மை வேறு. முன்னதற்கு முன் மனிதன் கைகூப்பலாம். பின்னதை உண்டாக்கியவர்கள் மனிதர்கள், கேட்கப்படவேண்டியவர்களும் அவர்களே. பக்தியை வியப்போர் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிடுகின்றனர் என்பதே அவர்கள்மீது வைக்கவேண்டிய குற்றச்சாட்டு.

அதேவேளை, உடல் கிடைக்காத சாவுக்கு எவ்வாறு அழுவது என்ற கேள்விக்கு நிருவாக அறிக்கைகளில் விடையில்லை. சாம்பலன்றி வேறெதுவும் எஞ்சாத கணவனுக்காக அழும் ரதியின் ஒப்பாரி அந்தக் கேள்வியை நெடுங்காலமாகப் பாடிவருகிறது. நாட்டார் பாடல்களின் அழகியலைப் பேசுவோர் இப்பயன்பாட்டைக் கருத்திற் கொள்ளாவிடின், அவர்களது ஆய்வு சொல்லாராய்ச்சியாகவே முடியும்.

இந்நோக்கில், கூத்தை மேடைக்குக் கொண்டுவருவோர் செய்யும் சுருக்கம் கேள்விக்குரியது. பல நாள் நீளும் சடங்கை ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்கும்போது, தீயும் தப்பின் வேகமும் எஞ்சுகின்றன. அடுத்த காட்சியிலேயே காமன் எழுந்துவிடுகிறான். ரதி காத்திருப்பதில்லை. பார்வையாளரும் காத்திருப்பதில்லை. அரங்கியல் நோக்கிற் செம்மையாக அமையினும், கூத்தின் பொருளே அங்கு கைநழுவிவிடுகிறது. சி. வி. வேலுப்பிள்ளை 1983 இல் மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்தளித்தமை பெரும்பணி. காமன் கூத்துக்கோ பாடல்களைத் தொகுத்தல் மட்டும் போதாது. ஒலிப்பதிவுக் கருவியுடன் செல்லும் மாணவர்கள் எரிப்பு முடிந்த விடியலிலேயே பேருந்தேறிவிடாமல், அடுத்த இரு நாட்களும் தோட்டத்திற் தங்கி, காப்பு அவிழாதோர் என்ன உண்கின்றனர், எங்கே உறங்குகின்றனர், சாம்பல் கிடக்கும் பொட்டலைக் கடந்து கொழுந்துக்குப் போகும் பெண்கள் என்ன பேசிக்கொள்கின்றனர் என்பதையும் எழுதிக்கொள்ளுதல் வேண்டும்.